பால்பவுடர் டப்பாவில் வந்த குரங்கு

1996-ஆம் ஆண்டு. பிரேசில் நாட்டின் மனாவுஸ் நகரம். அமேசான் காட்டுக்கு நட்ட நடுவே இருக்கும் பெரிய ஊர் அது. அங்கே குடியிருந்த டச்சு விலங்கியலாளர் மார்க் வான் ரூஸ்மாலன், தாயை இழந்த குரங்குக் குட்டிகளை எடுத்து வளர்ப்பவர். ஒருநாள் ஒருவர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பால்பவுடர் டப்பா. உள்ளே எட்டிப் பார்த்தால், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவில் ஒரு குரங்குக் குட்டி.

வான் ரூஸ்மாலனுக்கு அமேசான் குரங்குகள் அத்துப்படி. ஆனாலும் டப்பாவில் இருந்தது எந்தக் குரங்கு என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதுவரை எந்த அறிவியல் பட்டியலிலும் ஏறாத இனம் அது. குட்டி கையில் இருக்கிறது; அதன் ஊர் எது? அமேசான் படுகையின் பரப்பு ஏறக்குறைய 70 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதற்குள் ஒரு கையளவுக் குரங்கின் வீட்டைத் தேட வேண்டும்.

அவர் படகேறி ஆறு ஆறாகத் தேடினார். மடெய்ரா என்ற பெரிய ஆற்றில் அரிப்புவானா என்ற ஆறு வந்து கலக்கிறது. அந்த அரிப்புவானாவின் மேற்குக் கரைக் காட்டில்தான் கடைசியில் அந்தக் குரங்குகள் கிடைத்தன. எதிர்க்கரையில் அவை இல்லை. 1998-ல் அந்த இனம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கருந்தலைக் குள்ள மார்மோசெட் என்று அதைச் சொல்லலாம். நன்கு வளர்ந்த ஒன்றின் எடை 150 முதல் 185 கிராம். அமேசான் குரங்குகளில் இவ்வளவு சிறிய பரப்புக்குள் வாழ்க்கையை முடித்துக்கொள்பவை மிகக் குறைவு.

‘மழைக்காட்டில் வாழும் குரங்கு’ என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது மாவட்டத்தின் பெயரை மட்டும் எழுதிக் கடிதம் போடுவதைப் போன்றது. இந்தச் சின்னஞ்சிறு குரங்குகளுக்குத் தெருப்பெயரும் கதவு எண்ணும் உண்டு. எந்த ஆறு, எந்தக் கரை, எந்தப் புதர், தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரம், எந்த மரத்தின் எந்தப் பொந்து என்பதுவரை எழுதினால்தான் அவற்றின் முகவரி முழுமையாகும்.

அணில் எடையில் ஒரு குரங்கு

மார்மோசெட், டாமரின் என்று அழைக்கப்படும் இந்தக் குரங்குக் கூட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. எல்லாமே மத்திய, தென் அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்தவை. ஆப்பிரிக்காவிலோ ஆசியாவிலோ இவற்றின் இனத்தார் யாரும் இல்லை. கூட்டத்தின் கடைக்குட்டியான பிக்மி மார்மோசெட்டின் எடை 100 முதல் 125 கிராம்தான். நம் வீட்டுக் கொல்லையில் ஓடும் அணிலின் எடை. உலகிலேயே மிகச் சிறிய குரங்கு அதுதான். பெரிய அண்ணனான சிங்க டாமரின்கூட முக்கால் கிலோவைத் தாண்டுவது அரிது.

உடம்பு சிறுத்தால் மற்றவையும் அதற்கேற்ப மாற வேண்டியிருக்கிறது. முதலில் விரல். பெரும்பாலான குரங்குகளின் விரல் நுனியில் நம்மைப் போலத் தட்டையான நகம் இருக்கும். அவை கிளையைக் கையால் வளைத்துப் பிடித்து ஏறும். அடிமரம் ஒரு தூண் அளவு பருமனாக இருந்தால், தீப்பெட்டி அளவுக் கை அதை எப்படி வளைத்துப் பிடிக்கும்? அதனால் இந்தக் குரங்குகளுக்குக் காலின் பெருவிரலைத் தவிர மற்ற விரல்களில் எல்லாம் கூரிய, வளைந்த நகங்கள் அமைந்திருக்கின்றன. பட்டையில் நகத்தைக் குத்தி, அணிலைப் போல அடிமரத்தில் விறுவிறுவென்று ஏறும், தலைகீழாக இறங்கும்.

அடுத்தது குடும்பம். பெரும்பாலானவை இரட்டைக் குட்டிகளை ஈனும். 120 கிராம் தாய்க்கு, தலா 15 கிராம் அளவில் இரண்டு குட்டிகள். அறுபது கிலோ எடையுள்ள ஒரு பெண் பதினைந்து கிலோவுக்குக் குழந்தைகளைப் பெற்றெடுப்பதற்குச் சமம் இது. தனியாளாகத் தூக்கிச் சுமக்கத் தாயால் முடியாது. தகப்பனும் அண்ணன் அக்காமாரும் முறைவைத்து முதுகில் தூக்கிக்கொள்வார்கள். பால் குடிக்க மட்டும் குட்டி தாயிடம் போகும். கூட்டுக் குடும்பம் இல்லாமல் இந்தப் பிழைப்பு நடக்காது.

மூன்றாவது, பயம். பருந்து, பாம்பு, காட்டுப் பூனை என்று இவற்றைத் தின்னக் காத்திருப்பவை ஏராளம். ஆகவே உயர்ந்த மரங்கள் நெடுநெடுவென்று நிற்கும், அடியில் வெறிச்சோடிக் கிடக்கும் முதிர்ந்த காட்டின் உட்பகுதி பல இனங்களுக்கு ஒத்துவராது. மரம் சாய்ந்து வெயில் விழுந்த திட்டு, ஆற்றோரம், கொடிகள் பின்னிய புதர், மூங்கில் அடர்ந்த இடம், மீண்டும் துளிர்த்து வரும் இளங்காடு ஆகியவைதான் இவற்றுக்குப் பிடித்தவை. வெயில் விழும் இடத்தில் சிறு பழமும் பூச்சியும் மிகுதி. கொடி பின்னிய இடத்தில் ஒளிய வசதி.

வாலஸ் கேட்ட கேள்வி

முகவரி என்ற விஷயத்தை முதலில் அழுத்திச் சொன்னவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டை டார்வினுக்கு இணையாகத் தானாகவே கண்டடைந்த அதே வாலஸ்தான். நான்கு ஆண்டுகள் அமேசானில் அலைந்துவிட்டு 1852-ல் ஊர் திரும்பும்போது, நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்து அவர் சேகரித்தவற்றில் பெரும்பகுதி எரிந்துபோனது. அவர் தப்பி வந்து, அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் விலங்கியல் சங்கத்தில் அமேசான் குரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார்.

பெரிய ஆறுகளின் ஒரு கரையில் இருக்கும் குரங்கு எதிர்க்கரையில் இருப்பதில்லை என்பது அவர் கண்டது. அமேசான், நீக்ரோ, மடெய்ரா ஆகிய ஆறுகள் மதில் சுவர்களைப் போல நின்று குரங்கு இனங்களைப் பிரிக்கின்றன. அங்குள்ள வேட்டைக்காரர்களுக்கு இது பழைய செய்தி; குறிப்பிட்ட விலங்கு வேண்டுமென்றால் அவர்கள் படகை எடுத்து அந்தக் கரைக்குப் போய்விடுவார்கள் என்றும் அவர் எழுதினார். அருங்காட்சியகங்கள்மீது அவருக்கு ஒரு குறை இருந்தது. பதப்படுத்திய குரங்கின்மீது ‘பிரேசில்’ என்றோ ‘தென் அமெரிக்கா’ என்றோ சீட்டு ஒட்டி வைத்தால் அதனால் என்ன பயன்? ஆற்றின் எந்தக் கரை என்று தெரிய வேண்டாமா?

அவர் கேட்டது எவ்வளவு சரி என்பதை மரபணு ஆய்வுகள் இப்போது காட்டுகின்றன. பிக்மி மார்மோசெட் ஒரே இனம் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமேசானின் மேற்பகுதி ஆற்றுக்கு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு வம்சங்கள் இருப்பதையும், அவை பிரிந்து இருபது லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகிறது என்பதையும் எடுத்துக்காட்டியது. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். கரைதான் வேறு.

முதல் முகவரி: ஆற்றங்கரைப் பிசின் மரம்

பிக்மி மார்மோசெட்டின் வீட்டைத் தேடினால், ஆண்டுதோறும் வெள்ளம் ஏறி இறங்கும் ஆற்றங்கரைக் காட்டுக்குப் போக வேண்டும். கொலம்பியா, ஈக்குவடார், பெரு, பொலிவியா, பிரேசில் ஆகிய நாடுகள் சேரும் மேல் அமேசான் பகுதி. சிங்கத்தைப் போலப் பிடரிமயிர் இருப்பதால் அங்கே ஸ்பானிய மொழி பேசுவோர் இதை ‘லியோன்சீத்தோ’, அதாவது சிங்கக்குட்டி, என்கிறார்கள்.

நம்மில் பலர் சிறுவயதில் முருங்கைப் பிசினையும் கருவேலம் பிசினையும் மரத்தில் தேடி அலைந்திருப்போம். இந்தக் குரங்குக்கு அதுதான் அன்றாடச் சோறு. ஆனால் பிசின் தானாக வழியும்வரை அது காத்திருப்பதில்லை. அதன் கீழ் வெட்டுப்பற்கள் கோரைப்பல் அளவுக்கு நீண்டிருக்கும். அவற்றின் முன்பக்கத்தில் மட்டும் கெட்டியான எனாமல் பூச்சு. உட்பக்கத்தில் அது இல்லை. உட்பக்கம் தேயத் தேய முன்பக்க விளிம்பு உளியைப் போலக் கூர் மாறாமல் இருக்கும். மேற்பல்லைப் பட்டையில் ஊன்றிக்கொண்டு கீழ்ப்பல்லால் மேல்நோக்கிச் சுரண்டும். பட்டை பெயர்ந்து சிறு குழி உண்டாகும். காயத்தை அடைக்க மரம் பிசினைச் சுரக்கும். குரங்கு பிறகு வந்து நக்கிக்கொள்ளும்.

பனை சீவும் தொழிலாளி தினமும் மரமேறிப் பாளையைச் சீவிவிட்டு வருவதைப் போல, இதுவும் தினமும் குழிகளைச் சுற்றி வந்து புதுப்பிக்கும். பழைய குழி வற்றினால் சற்று மேலே புதிதாக ஒன்று. நாள்பட்ட மரத்தின் அடியில் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல் துளைகள் இருக்கும். அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல. பெருவில் பல ஆண்டுகள் இவற்றைப் பின்தொடர்ந்த பெக்கா சொய்னி என்ற ஆய்வாளர், ஒரு குடும்பத்தின் எல்லை பெரும்பாலும் ஓர் ஏக்கர் பரப்பைத் தாண்டுவதில்லை என்று கண்டார். ஐந்தாறு பேர் கொண்ட குடும்பம், நடுவே ஒரு பிசின் மரம். அந்த மரம் ஓய்ந்தால் மொத்தக் குடும்பமும் அடுத்த மரத்துக்குக் குடிபெயரும்.

பிசின் செரிப்பது எளிதல்ல. அதற்கென்று இவற்றின் குடலில் பெருங்குடல் தொடங்கும் இடத்திலுள்ள பை பெரிதாக இருக்கிறது. அங்கே நுண்ணுயிர்கள் பிசினை நொதிக்க வைத்துக் கொடுக்கின்றன. பிசினில் இன்னொரு லாபமும் உண்டு. இவை தின்னும் பூச்சிகளில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. பிசினில் சுண்ணாம்புச் சத்து நிறைய. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்துவிடுகிறது.

வீடு சிறியதானாலும் அடர்ந்த இலைகளுக்கு நடுவே ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அதனால் பேச்சு ஓயாது. சார்லஸ் ஸ்னோடன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் ஈக்குவடாரைச் சேர்ந்த ஸ்டெல்லா டி லா டோரேயும் இந்தப் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தவர்கள். அருகில் இருக்கும் உறவினரோடு பேச மெல்லிய நடுக்க ஒலி. கேட்பவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கடினம், ஆகவே பருந்துக்கும் கடினம். தூரத்தில் இருப்பவரை அழைக்க வேறு கூவல். எங்கிருந்து வருகிறது என்பது அதில் தெளிவாக விளங்கும். தூரத்துக்கு ஏற்பக் குரலை மாற்றிக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியம் நூறு கிராம் உடம்புக்குள் இருக்கிறது. ஈக்குவடாரில் ஓர் ஆற்றோரக் குடும்பங்களின் கூவலுக்கும் இன்னோர் ஆற்றோரக் குடும்பங்களின் கூவலுக்கும் வேறுபாடு இருப்பதையும் அவர்கள் கண்டார்கள். வட்டார வழக்கு என்றே சொல்லலாம்.

இரண்டாவது முகவரி: மூங்கில் புதர்

சுவிட்சர்லாந்தில் பிறந்து, அமேசான் கழிமுகத்திலுள்ள பெலெம் நகரின் அருங்காட்சியகத்தை வளர்த்தெடுத்தவர் எமில் கோயெல்டி. அவர் பெயரால் 1904-ல் ஒரு குரங்குக்குப் பெயரிடப்பட்டது. உடம்பு முழுக்கக் கரி பூசியதுபோலக் கறுப்பு. எடை சுமார் அரைக் கிலோ. இந்தக் கோயெல்டி குரங்கு வகைப்பாட்டாளர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. விரலில் மார்மோசெட்டின் கூர்நகம். வாயிலோ தென் அமெரிக்காவின் பெரிய குரங்குகளைப் போல 36 பற்கள். மார்மோசெட்டுக்கும் டாமரினுக்கும் 32-தான். இரட்டைக் குட்டி போடும் கூட்டத்தில் இதுவோ ஒற்றைக் குட்டி ஈனும். எந்த வீட்டுப் பிள்ளை என்று புரியாமல் தனிக் குடும்பமாகவே இதை ஒதுக்கி வைத்தவர்களும் உண்டு. மரபணு ஆய்வு வந்த பிறகுதான் மார்மோசெட்டுகளின் நெருங்கிய உறவு என்று முடிவானது.

காட்டில் இதைப் பார்ப்பது அரிதிலும் அரிது. காரணம், இது இருக்குமிடம். மேல் அமேசான் காடுகளில் மூங்கில் மண்டிய திட்டுகளும் மரம் சாய்ந்து புதர் ஏறிய இடங்களும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். மனிதர் நுழைந்து நடக்கச் சிரமப்படும் அந்த இடங்கள்தான் இதன் குடியிருப்பு. தரையிலிருந்து ஐந்து மீட்டருக்கு உட்பட்ட உயரத்திலேயே பெரும்பாலும் இருக்கும். நீண்ட பின்னங்கால்களால் உந்தி, ஒரு செங்குத்துத் தண்டிலிருந்து இன்னொரு செங்குத்துத் தண்டுக்கு நான்கு மீட்டர்வரை தாவும். கிளையில் ஓடும் குரங்கு அல்ல இது. மூங்கிலுக்கு மூங்கில் தெறிக்கும் குரங்கு.

இதன் சாப்பாடு இன்னும் விசித்திரமானது. வடக்கு பொலிவியாவின் பாண்டோ பகுதியில் லைலா போர்ட்டர் என்ற ஆய்வாளர் இதைத் தொடர்ந்து கவனித்தபோது, ஓராண்டு உணவில் கால்வாசிக்கும் மேல் பூஞ்சை என்று தெரிந்தது. மூங்கில் தண்டில் படரும் பூஞ்சை, மட்கிய மரத்தில் காதுமடல் வடிவில் முளைக்கும் காளான். பூஞ்சையை இந்த அளவுக்கு நம்பி வாழும் குரங்குகள் உலகில் மிகச் சிலவே. பூஞ்சையில் சத்து குறைவு, செரிப்பதும் கடினம். ஆனால் அதற்குப் போட்டியாளர் இல்லை. கோடையில் பழம் அற்றுப்போகும் நாட்களிலும் மட்கிய மரம் இருக்கவே இருக்கும். பூஞ்சை ஒரே இடத்தில் குவிந்து கிடைக்காததால் இது நிறைய அலைய வேண்டும். ஒரு கூட்டத்தின் எல்லை நூறு ஹெக்டேரைத் தாண்டிவிடும். ஓர் ஏக்கருக்குள் குடித்தனம் நடத்தும் பிக்மி மார்மோசெட்டும் 250 ஏக்கர் சுற்றும் இதுவும் நெருங்கிய உறவுகள் என்றால் நம்புவது கடினம்.

ஒரே மரம், மூன்று மாடி

பாண்டோ காட்டில் கோயெல்டி குரங்கு தனியாகப் போவதில்லை. சேணமுதுகு டாமரின், வெள்ளுதட்டுச் செம்மார்பு டாமரின் என்ற இரண்டு இனங்களோடு சேர்ந்து திரிகிறது. மூன்று இனங்கள், ஒரே ஊர்வலம். சண்டை வராமல் எப்படி? மாடி பிரித்துக்கொள்கின்றன. தரைத்தளம் கோயெல்டிக்கு, நடு மாடி சேணமுதுகுக்கு, பத்து மீட்டருக்கு மேலான மாடி வெள்ளுதட்டுக்கு.

இந்தக் கூட்டணியால் எல்லாருக்கும் ஆதாயம். மேலே இருப்பது பருந்தைப் பார்த்துக் கத்தும். கீழே இருப்பது தரையில் நெளியும் பாம்பைக் கண்டு கத்தும். ஒன்றின் எச்சரிக்கை மூன்றுக்கும் பயன்படும். மேல்மாடிக் குரங்கு இலையைக் கலைக்கும்போது தப்பிக் கீழே விழும் வெட்டுக்கிளி நடுமாடிக் குரங்கின் வாயில் போய்ச் சேரும். பழுத்த மரம் எங்கே இருக்கிறது என்பது டாமரின்களுக்கு நன்றாகத் தெரியும். அவற்றின் பின்னாலேயே போனால் கோயெல்டிக்குத் தேடும் வேலை மிச்சம். அதன் எல்லை பெரியதாகையால் ஒரு டாமரின் கூட்டத்தின் எல்லை முடிந்ததும் அடுத்த கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும்.

டாமரின்களுக்கும் பிசின் என்றால் ஆசை. ஆனால் துளையிடும் உளிப்பல் அவற்றுக்கு இல்லை. பூச்சி குடைந்த இடத்திலும் பட்டை கீறிய இடத்திலும் வழிவதை நக்கும். சில சமயம் பிக்மி மார்மோசெட் பாடுபட்டுத் தோண்டி வைத்த குழிகளில் வந்து வாய் வைத்துவிட்டுப் போகும். உழுதவன் ஒருவன், அறுத்தவன் இன்னொருவன் என்ற கதை காட்டிலும் உண்டு.

மூன்றாவது முகவரி: மரப்பொந்து

அமேசானை விட்டுப் பிரேசிலின் கிழக்குக் கடற்கரைக்கு வந்தால் வேறொரு மழைக்காடு இருக்கிறது. அட்லாண்டிக் காடு என்பது அதன் பெயர். சாவ் பாவ்லோ, ரியோ டி ஜெனிரோ போன்ற மாநகரங்கள் எழுந்ததும் கரும்பும் காப்பியும் மாடுமேய்ச்சலும் பரவியதும் இந்தக் காட்டை அழித்துத்தான். எட்டில் ஒரு பங்கு அளவே மிச்சம். அதுவும் துண்டு துண்டாக.

ரியோ மாநிலத்தின் கடலோரத் தாழ்நிலக் காடுகளில் மட்டும் வாழ்கிறது பொன்னிறச் சிங்க டாமரின். செம்பொன்னை உருக்கி வார்த்ததுபோல நிறம், முகத்தைச் சுற்றிப் பிடரி. மரக்கிளைகளில் தொற்றி வளரும் அன்னாசிக் குடும்பத்துச் செடிகளின் இலைக்குழிவில் நீர் தேங்கும். அங்கே பூச்சியும் சிறு தவளையும் ஒளிந்திருக்கும். இந்தக் குரங்கின் ஒல்லியான நீண்ட விரல்கள் அங்கே துழாவுவதற்கென்றே அமைந்தவை. இரவானால் குடும்பம் முழுவதும் ஒரு மரப்பொந்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு தூங்கும். பொந்து வேண்டுமென்றால் மரம் முதிர்ந்திருக்க வேண்டும். நேற்று நட்ட காட்டில் பொந்து ஏது?

1970-களில் காட்டில் மிஞ்சியிருந்தவை சுமார் இருநூறுதான் என்று கணக்கிட்டார்கள். அவற்றைக் காக்க வேண்டும் என்று பிரேசிலில் அடெல்மார் கோயிம்ப்ரா-ஃபில்யு குரல் கொடுத்தார். 1974-ல் போசோ தாஸ் அந்தாஸ் காப்பகம் உருவானது. வாஷிங்டன் தேசிய விலங்குக்காட்சிசாலையின் டெவ்ரா கிளைமன், உலகெங்கும் கூண்டுகளில் இருந்தவற்றை ஒருங்கிணைத்து இனப்பெருக்கம் செய்ய வழி கண்டார். 1984-ல் முதல் தொகுதி காட்டில் விடப்பட்டது.

கூண்டில் பிறந்த குரங்குக்குக் காடு தெரியவில்லை. கூண்டுக்குள் வைத்திருந்த கழிகள் அசையாதவை. காட்டுக் கிளையோ வளையும், ஆடும், ஒடியும். பல வழி தெரியாமல் தவித்தன, பல இறந்தன. பொந்துக்குப் பதில் மரப்பெட்டிகளைக் கட்டிவைத்து, கூடவே உணவும் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். காட்டில் பிறந்த அவற்றின் பிள்ளைகள் தேறிவிட்டன. 2014-ஆம் ஆண்டு வாக்கில் எண்ணிக்கை 3,700 என்று மதிப்பிடப்பட்டது. அடுத்து வந்த மஞ்சள் காய்ச்சலில் அது 2,500 ஆகச் சரிந்தது. 2021 முதல் காட்டுக் குரங்குகளைப் பிடித்துத் தடுப்பூசி போட்டு விடத் தொடங்கினார்கள். 2023 கணக்கெடுப்பில் 4,800. பிரேசிலின் 20 ரியால் நோட்டில் இந்தக் குரங்கின் படம் இருக்கிறது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த கருமுகச் சிங்க டாமரின் 1990-ல்தான் அறிவியலுக்குத் தெரியவந்தது. பரானா மாநிலக் கடலோரத்தில் சூப்பராகுயி என்ற தீவில் கண்டெடுத்தார்கள். ஆளரவமற்ற அமேசானின் உள்மூலையில் அல்ல, பிரேசிலின் மக்கள் நெருக்கமுள்ள தெற்குப் பகுதியில் ஒரு குரங்கு இத்தனை காலம் பெயரில்லாமல் இருந்திருக்கிறது.

நான்காவது முகவரி: மாநகரம்

பால்பவுடர் டப்பா வந்து சேர்ந்த அதே மனாவுஸுக்குத் திரும்புவோம். இருபது லட்சம் பேர் வாழும் அந்த ஊருக்குள்ளேயே ஒரு குரங்கு இருக்கிறது. மொட்டையான கறுப்பு முகம், வெள்ளைச் சட்டை போட்டதுபோல முன்னுடம்பு, பழுப்புப் பின்னுடம்பு. இருநிற டாமரின் என்பார்கள். உலகத்திலேயே மனாவுஸிலும் அதைச் சுற்றியுள்ள பகுதியிலும் மட்டும்தான் இது உண்டு. ஊர் வளர்ந்த இடமும் குரங்கின் பூர்வீகமும் ஒன்றாக அமைந்துவிட்டது.

இப்போது வீடுகளுக்கு நடுவே விட்டுப்போன காட்டுத் துண்டுகளில் அது முடங்கிக் கிடக்கிறது. சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடுகிறது, மின்கம்பியில் ஏறி மடிகிறது, நாய்களிடம் சிக்குகிறது. இது போதாதென்று காட்டுப் பக்கத்திலிருந்து செங்கை டாமரின் என்ற இனம் மெல்ல மெல்ல இதன் இடத்துக்குள் நுழைகிறது. 2021-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு சுவையான செய்தி இருந்தது. இரண்டும் சேர்ந்து வாழும் இடங்களில் செங்கை டாமரின் தன் நீண்ட கூவலை இருநிற டாமரினின் கூவலைப் போல மாற்றிக்கொள்கிறது. புது ஊருக்குக் குடிவந்தவர் அந்த ஊர்ப் பேச்சைப் பழகிக்கொள்வதைப் போல.

ஆறு மதிலாக இருந்த காலம் போய், இப்போது சாலை மதிலாகிவிட்டது. ரியோ மாநிலத்தில் பி.ஆர். 101 நெடுஞ்சாலை பொன்னிறச் சிங்க டாமரினின் காட்டைப் பிளந்துகொண்டு ஓடுகிறது. 2020-ல் அந்தச் சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டி முடித்தார்கள். மனிதருக்கல்ல. பாலத்தின்மேல் மண் கொட்டி மரம் நட்டிருக்கிறார்கள். மரங்கள் வளர்ந்து கிளை கோத்தால் குரங்குகள் அந்தப் பக்கத்துக் காட்டுக்குப் போய்வரலாம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கலாம். ‘இத்தனை ஆயிரம் ஹெக்டேர் காடு இருக்கிறது’ என்ற கணக்கு இந்தக் குரங்குகளுக்கு உதவாது. பொந்து உள்ள மரம் இருக்கிறதா, பிசின் மரம் நிற்கிறதா, மட்கிய கட்டையை யாரும் விறகுக்கு எடுத்துப் போகாமல் இருக்கிறார்களா என்பதுதான் கணக்கு.

இந்தக் கதைக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2022 மே மாதம் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பயணி ஒருவரின் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். உள்ளே ஒரு வெள்ளை முள்ளம்பன்றியும் ஒரு வெள்ளுதட்டுச் செம்மார்பு டாமரினும் இருந்தன. கோயெல்டி குரங்கோடு சேர்ந்து திரியும், மேல்மாடியில் வாழும் அதே இனம். கைபேசியில் ஓடும் ‘விரல் குரங்கு’ வீடியோக்களைப் பார்த்து ஆசைப்பட்டுக் காசு கொடுத்து வாங்க ஆள் இருப்பதால்தான் இவை பெட்டிகளுக்குள் அடைபடுகின்றன. கூட்டுக் குடும்பம் இல்லாமல் வாழத் தெரியாத ஒரு பிராணியை ஒற்றையாக வாங்கி வந்து கூண்டில் வைப்பது வளர்ப்பு ஆகாது. அப்படி ஒரு வீடியோ அடுத்த முறை கண்ணில் பட்டால் ‘எங்கே கிடைக்கும்?’ என்று கேட்காதீர்கள். எங்கிருந்து பிடித்தார்கள் என்று கேளுங்கள்.

பிடிபட்ட டாமரினை வந்த விமான வழியே பாங்காக்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். பாங்காக் அதன் ஊர் அல்ல.